இந்தக் காரில் ஏறத் தொப்பி வேண்டாம்

பழைய கார்தான் கார், இப்போது வருவதெல்லாம் தகர டப்பா என்று யாராவது என் முன்னால் சொன்னால் நான் விடமாட்டேன். சொல்லுகிறவர் எங்கள் வீட்டு மருமகனாக இருந்தாலும் விடமாட்டேன். போன மாதம் விடவில்லை.

என் தங்கச்சி மகள் கொட்டகலையில் டீச்சராக இருக்கிறாள். ஒரு சின்னக் கார் வாங்கியிருக்கிறாள். வெள்ளை நிறம். முட்டையைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். அதன் பெயர் என் வாயில் நுழையாது. அவளேதான் ஓட்டுகிறாள். முன்னால் அவளும் அவள் புருஷனும் உட்கார்ந்து, பின்னால் நான் காலைக் கொஞ்சம் ஒடுக்கி உட்கார்ந்தால் கார் நிறைந்துவிடும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாங்க பெரியம்மா, நீங்க பொறந்த தோட்டத்தக் காட்டுறேன்" என்று ஏற்றிக்கொண்டு போனாள். நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தை அவள் எனக்குக் காட்டுகிறாளாம். சரி, காட்டட்டும் என்று போனேன்.

துரை இருந்த பங்களா இப்போது ஹோட்டல். வெள்ளைக்காரர்கள் போனார்கள், திரும்பவும் வெள்ளைக்காரர்களே வந்து வாடகைக்குத் தங்குகிறார்கள். வாசலில் ஒரு கூரை போட்டு, அதன் கீழே ஒரு பழைய காரை நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் பித்தளைக் கம்பி நட்டு, சிவப்புக் கயிறு கட்டி, சாமி தேருக்குக் கட்டின மாதிரி கட்டியிருந்தார்கள். எந்தக் கார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஹார்னின் வாயில் ஒரு நசுங்கல் இருந்தது. அந்த நசுங்கலை எனக்குத் தெரியும்.

மருமகன் இரண்டு சுற்று சுற்றி வந்தார். கயிற்றுக்கு மேலே எட்டி, விரல் முட்டியால் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"இரும்புன்னா இது இரும்பு அத்தை. இப்ப வர்றதெல்லாம் தகரம். இந்தக் காரு வந்து நம்ம காரத் தட்டுனா நம்ம காரு அப்பளந்தான்."

"தட்டுறதுக்கு அது ஓடணுமே" என்றேன்.

தங்கச்சி மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குள் ஹோட்டல் மனேஜர் வந்துவிட்டார். கழுத்துப்பட்டி கட்டின சிங்களப் பிள்ளை, நல்ல முகம், கொஞ்சம் தமிழ் பேசுவார். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகினதை எனக்கும் சொன்னார்.

"ஆச்சி, அந்தக் காலம் இந்தக் கார் போனா எஸ்டேட் முழுக்க நின்டு மரியாதை குடுக்கிறது. அவ்வளவு மரியாதை."

"மரியாதை இல்ல தம்பி. நாங்க கான்ல நின்னோம்."

அவருக்கு விளங்கவில்லை. நான் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய்ப் பின் கதவைத் திறந்தேன்.

"ஐயோ ஆச்சி, ஏற ஏலாது! யாரும் ஏறுறது இல்ல!"

"நான் ஏற்கெனவே ஏறுனவ" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். பின் சீட்டில் இடது பக்க மூலை. அது என் இடம்.

கான் என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ரோட்டோரத்தில் மழைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்தான் கான். எங்கள் தோட்டத்தில் துரையின் கார் வந்தால் ரோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. ஹார்ன் சத்தம் கேட்டதும் கானில் இறங்கிவிட வேண்டும். முழங்கால் வரைக்கும் சேறு இருந்தாலும் இறங்க வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். ஆம்பளைகள் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். பெண்கள் தலையில் போட்ட கம்பளியை இறக்கிவிட வேண்டும். மழை பெய்கிறதா, அது உன் பாடு. கார் தாண்டிப் போய் அடுத்த வளைவில் மறைந்த பிறகுதான் மேலே ஏறலாம். இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தாலும் படிக்க எங்களில் ஆள் கிடையாது. ஆனாலும் நடக்கப் பழகின பிள்ளைக்கு அடுத்ததாகப் பழக்கினது இதைத்தான்.

காரைக் கண்ணால் பார்க்கவும் தேவையில்லை. பித்தளைக் குழாய் ஒன்று, அதன் வாலில் ஒரு ரப்பர் பந்து, அவ்வளவுதான் ஹார்ன். பந்தை அமுக்கினால் சீக்கு வந்த எருமை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டதும் எங்கள் கால் தானாகக் கானுக்குப் போய்விடும். உள்ளே இருப்பது துரையா, துரையின் நாயா என்று ஒருவரும் பார்த்ததில்லை. தலையைக் குனிந்து நின்றால் எப்படிப் பார்ப்பது? நாய் மட்டும் போன நாட்களும் உண்டு. நாய்க்கு ஊசி போட நுவரெலியாவுக்குக் கொண்டுபோன அன்றைக்கு வழிநெடுக ஆட்கள் கானில் நின்று சலாம் போட்டார்களாம். நாய் ஒருவருக்கும் திருப்பிச் சலாம் போடவில்லையாம். துரையும் ஒருநாளும் போட்டதில்லை. அந்த விஷயத்தில் இரண்டும் ஒன்று என்று மாமா சொல்வார்.

மாமா என்றால் அம்மாவுக்கு நேர் அண்ணன். அவர்தான் அந்தக் காருக்கு டிரைவர். பங்களாவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். கல்யாணம் கட்டவில்லை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லயத்தைத் தாண்டிக் கார் போகும்போது நான் கானில் நிற்பதைப் பார்த்தால், பிடித்த சக்கரத்தில் இருந்து கையை எடுக்காமல் இரண்டு விரலை மட்டும் தூக்குவார். நானும் கானில் நின்றபடியே இரண்டு விரலைத் தூக்குவேன். அம்மா பார்த்தால் என் கையில் பட்டென்று அடிப்பாள்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அம்மா நிறைமாதமாக இருந்தாள். நிறைமாதத்தோடும் உச்சி மலையில் கொழுந்து பறிக்கப் போனாள். கொஞ்சம் கிட்டத்து மலைக்கு மாற்றிவிடச் சொல்லி அப்பா கணக்கப்பிள்ளையிடம் போய் நின்றார். எங்களுக்கு மலை பிரித்துக் கொடுக்கிறவர் அந்தக் கணக்கப்பிள்ளைதான். வெள்ளைக் கோட்டும் கறுப்புக் குடையுமாக இருப்பார். அவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்து, "ஒம் பொஞ்சாதி மட்டுந்தான் புள்ள பெக்குறாளோ?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

ஒருநாள் பகலில் இரண்டு பெண்கள் அம்மாவைத் தாங்கிப் பிடித்து லயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அம்மாவின் கூடை அவள் முதுகில்தான் இருந்தது. அதை இறக்கவும் நேரம் இல்லை. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். திரும்பவும் தடவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள்.

"புள்ள குறுக்க கெடக்கு. இது எங் கையில இல்ல. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இருட்டுறதுக்குள்ள போகணும்."

ஆஸ்பத்திரி ஆறு மைல். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு கொட்டகலை ஸ்டேசனுக்குப் போய்விட்டது. பெட்டி இறக்குகிற ஆளாக அப்பாவும் அதிலேயே போய்விட்டார். லொறி இல்லாவிட்டால் கம்பளியில் தூளி கட்டி நாலு ஆம்பளைகள் தூக்கிப் போவார்கள். ஆம்பளைகள் எல்லோரும் மலையில் இருந்தார்கள். மருத்துவச்சி என்னைப் பார்த்து, "ஓடு புள்ள, ஒன் மாமனக் கூட்டியா" என்றாள். தூளி தூக்க ஒரு தோள் கிடைக்கும் என்றுதான் சொன்னாள். வேறு எதையும் அவள் நினைக்கவில்லை.

மழையில் ஓடினேன். மாமா பங்களாவுக்குப் பின்னால் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். மழை பெய்தாலும் காரைக் கழுவ வேண்டும் என்பது துரையின் உத்தரவு. துரை பக்கத்துத் தோட்டத்துத் துரையின் காரில் ஏறிச் சீட்டு விளையாடப் போயிருந்தார். அது பங்களாவில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நான் மூச்சு வாங்கச் சொன்னதை மாமா கேட்டார். கையில் இருந்த ஈரத்துணியைப் பார்த்தார். அதை அப்படியே கீழே போட்டார். காருக்கு முன்னால் போய் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினார். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. ஆறாவது தடவைதான் அது இருமிக்கொண்டு கிளம்பியது. மருமகன் புகழ்ந்த இரும்பு இப்படித்தான் கிளம்பும். என் தங்கச்சி மகள் ஒரு விரலால் ஒரு பொத்தானைத் தொடுகிறாள், சத்தம் கூடக் கேட்கமாட்டேன் என்கிறது.

லயத்து வாசலில் காரைப் பார்த்ததும் அந்த வலியிலும் அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். கானில் இறங்கத்தான். சத்தியமாகச் சொல்கிறேன். ஹார்ன் கேட்டால் கால் போகும் என்று சொன்னேனே, அது இப்படித்தான்.

"வேணாண்ணே. ஒன் வேல போயிரும்."

"வேல போனா வேற வேல. ஏறு."

பின் சீட்டில் அம்மாவைப் படுக்க வைத்தார்கள். அந்தக் காரில் இடம் அதிகம், அதை நான் மறைக்கமாட்டேன். அவ்வளவு இடத்திலும் அதுவரைக்கும் நாய்தான் படுத்துப் போனது. மருத்துவச்சி சீட்டுக்குக் கீழே குந்திக்கொண்டாள். என்னை மூலையில் உட்கார வைத்து, அம்மாவின் தலையை என் மடியில் வைத்தார்கள். துரை உட்காருகிற மூலை அது. ஜன்னலுக்கு என் தலை எட்டவில்லை. மாமா என்னைத் தூக்கி, ஒரு கம்பளியை நாலாக மடித்து அடியில் வைத்தார். பிறகு பின்னால் கிடந்த துரையின் தொப்பியை எடுத்தார். தடித்த தொப்பி, காட்டுப் பன்றியின் நிறம், சுருட்டு நாற்றம். அதை என் தலையில் கவிழ்த்தார். மூக்குவரைக்கும் இறங்கியது.

"இப்ப நீதான் தொர. வெறப்பா உக்காரு. சிரிக்காத. யாரையும் பாக்காத. என்ன?"

தலையை ஆட்டினேன். தொப்பி மட்டும்தான் ஆடியது. கையைத் தூக்காதே என்று சொல்ல மாமா மறந்துவிட்டார்.

கார் புறப்பட்டது. மாமா ஒவ்வொரு வளைவிலும் பந்தை அமுக்கினார். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது. தொப்பியின் ஓரத்துக்குக் கீழே தெரிந்த அளவுக்குப் பார்த்தேன். எல்லோரும் கானில் இருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்து ஆயா இடுப்பில் ஒரு பிள்ளையோடு நின்றாள். என்னை மூன்றாவது வகுப்பில் முட்டி போட வைத்த வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். கங்காணி நின்றார். வழுக்கைத் தலையில் மழை அடித்துத் தெறித்தது. அவருக்கு வழுக்கை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் மடியில் அம்மா கம்பளியின் முனையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். என் கையை அவள் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின. அவளுக்கு வலி கூடும்போது எனக்குப் பயமாக இருந்தது. வலி குறையும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளை மனம் அப்படித்தான், இரண்டுக்கும் அதில் இடம் உண்டு.

தோட்டத்து எல்லையில் ஒரு கேட்டு. குறுக்கே ஒரு மரம் போட்டிருக்கும். தூக்கிவிடக் காவல்காரர் உண்டு. அன்றைக்கு அவர் பக்கத்தில் கணக்கப்பிள்ளை நின்றார். மாமாவின் கழுத்து விறைத்ததைப் பின்னால் இருந்து பார்த்தேன். காவல்காரர் மரத்தைத் தூக்கினார். கணக்கப்பிள்ளை குடையை மடக்கினார், வெள்ளைக் கோட்டோடு கானில் இறங்கினார், குனிந்தார். மூக்கு நுனியில் இருந்து தண்ணீர் சொட்டியது. இங்கிலீசில் என்னவோ சொன்னார். அது வணக்கம் மாதிரி இருந்தது.

பெரியவர்கள் வணக்கம் சொன்னால் சும்மா இருக்கக் கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். நான் கையைத் தூக்கினேன். மாமா தூக்குகிற மாதிரி, இரண்டு விரல்.

கணக்கப்பிள்ளையின் வாய் திறந்தது. மூடுவதற்குள் நாங்கள் கேட்டைத் தாண்டிவிட்டோம்.

கேட்டுக்கு அப்பால் மெயின் ரோட்டுக்குப் போகிற ஏற்றம். பாதி ஏற்றத்தில் காரின் மூக்கில் இருந்து ஆவி வந்தது. மாமா இறங்கி மூடியைத் துணியால் பிடித்துத் திறந்தார். புஸ்ஸென்று சீறியது. தண்ணீர் ஊற்றுகிற தகரத்தைக் கழுவின இடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அங்கேயும் இங்கேயும் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

"ஓடு புள்ள. அந்தத் தொப்பியில புடிச்சுக்கிட்டு வா."

ரோட்டோரத்துப் பாறையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துரையின் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்தேன். ஓடி வருவதற்குள் பாதி ஒழுகியது. நாலு தடவை ஓடினேன். ஒவ்வொரு தடவையும் காருக்குள் இருந்து அம்மா கத்துவது கேட்டது. நாலாவது தடவை கத்தவில்லை. கத்தாததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. மருத்துவச்சி உள்ளே இருந்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்று சீட்டை அடித்தாள். அந்தக் கார் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. அது குளிர்ந்தால்தான் கிளம்பும். பெற்றவள் சாகக் கிடந்தாலும் அதற்குத் தண்ணீர் குடித்து ஆற வேண்டும்.

அதே ஏற்றத்தில்தான் போன மாதம் என் தங்கச்சி மகளின் முட்டைக் கார் எங்கள் மூன்று பேரையும், ஒரு மூட்டைக் கிழங்கையும் வைத்துக்கொண்டு ஏறியது. அவள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. அவள் காரில் போன வாரம் பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி இடுப்பு வலியோடு ஏறினாள். சேற்றுக் காலோடு ஏறினாள். ஒருவரும் கானில் இறங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு யாருடைய தொப்பியும் தேவைப்படவில்லை. எது நல்ல கார் என்று என்னிடம் கேட்டால் நான் வேறு எதைச் சொல்வேன்?

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மாவை உள்ளே கொண்டு போனார்கள். நானும் மாமாவும் படியில் உட்கார்ந்திருந்தோம். மாமா தொப்பியைப் பிழிந்து, தன் முழங்காலில் வைத்து அதன் பழைய உருவத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். அது வரவில்லை. ஒரு நர்ஸ் வெளியே வந்து, பெண் பிள்ளை, இன்னும் அரை மணி நேரம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றாள். மாமா நனைந்த தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் பிள்ளைதான் என் தங்கச்சி. அவள் மகள்தான் இன்றைக்கு என்னைக் காரில் கூட்டிப்போகிறாள்.

துரை வருவதற்கு முன்பே மாமா காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டார். சேற்றைக் கழுவி, தொப்பியை அடுப்படியில் காய வைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் லயத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் குருடாகவும் ஊமையாகவும் ஆகிவிட்டார்கள். அத்தோடு போயிருக்கும்.

போகவில்லை. கணக்கப்பிள்ளைக்கு அன்றைக்கு இரவு தூக்கம் வந்திருக்காது. தன்னைப் பார்த்துத் துரை கை தூக்கிவிட்டார். தோட்டம் தொடங்கின நாளில் இருந்து யாருக்கும் கிடைக்காத மரியாதை. மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், தோட்டமே நிற்கும்போது, இஸ்திரி போட்ட கோட்டோடு துரையின் முன்னால் போய் நின்று நன்றி சொன்னாராம். அப்பா அங்கே நின்று பார்த்தவர். கணக்கப்பிள்ளை இரண்டு விரலையும் தூக்கிக் காட்டினாராம்.

"நேத்து நான் கார்லே இல்லே" என்றாராம் துரை.

அதற்குப் பிறகு மாமாவைக் கூப்பிட்டார்கள். யார் உள்ளே இருந்தது என்று துரை கேட்டார். மாமா எதையும் மறைக்கவில்லை. தொப்பியை யார் போட்டது என்று கேட்டதற்கு, தன் தங்கச்சி மகள் என்று சொன்னாராம். பின்னால் யாரோ சிரித்துவிட்டார்களாம். கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் செத்தாலும் மறக்கமாட்டார்கள் என்று அப்பா சொல்வார். இத்தனை பேருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டால் வேலையில் வைத்துக்கொள்கிறேன் என்று துரை சொன்னார். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்குத் தொர?" என்று கேட்டாராம். சண்டைக்குக் கேட்கவில்லையாம். தெரியாததைக் கேட்கிற மாதிரியே கேட்டாராம்.

மத்தியானத்துக்குள் தோட்டத்தை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

மாமா எங்கள் லயத்துக்கு வந்தார். தோளில் ஒரு தகரப் பெட்டி, கையில் குடை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குந்தினார்.

"ஏ புள்ள, கணக்கப்பிள்ளைக்குக் கை தூக்குனியா?"

"ஆமா மாமா. அவரு வணக்கம் சொன்னாரு. நானும் சொன்னேன்."

மாமா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார். "நல்லா செஞ்ச" என்றார். நான் நல்லதைத்தான் செய்தேன் என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அவரை அனுப்பினது என் இரண்டு விரல்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஒருநாளும் விட்டதில்லை.

கேட்டு வரைக்கும் கூடவே போனேன். மழை தூறியது. மாமா என்னைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறத் தொடங்கினார். ரோட்டின் நட்டநடுவில் போனார்.

அப்போது பின்னால் ஹார்ன் கேட்டது. என் கால் கானில் இருந்தது. காவல்காரர் கானில். மலையில் இருந்து கொழுந்து நிறுக்க இறங்கின ஆட்கள் எல்லோரும் வரிசையாகக் கானில். ஓட்ட ஆள் இல்லாததால் துரையே ஓட்டிக்கொண்டு வந்தார். கேட்டைத் தாண்டியது கார். முன்னால் மாமா. துரை பந்தை அமுக்கினார். மாமா போய்க்கொண்டிருந்தார். திரும்பவும் அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். மாமாவின் குடை மடங்கவில்லை. ஒதுங்கிப் போக ரோட்டில் இடமில்லை. ஒரு பக்கம் கான், ஒரு பக்கம் பள்ளம். கார் அவருக்குப் பின்னால் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. "மாமா! காரு! மாமா, காரு வருது! கான்ல எறங்குங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மாமா திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி ஏற்றத்தில் காரின் மூக்கில் இருந்து ஆவி வந்தது. அதே இடம். கார் நின்றுவிட்டது. துரை இறங்கி மூடியைத் தொட்டுக் கையை உதறினார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். கான் நிறைய ஆட்கள். ஒருவரும் அசையவில்லை. துரையின் கார் வளைவில் மறைகிற வரைக்கும் கானை விட்டு ஏறக் கூடாது என்பதுதானே பழக்கம்? கார் இன்னும் மறையவில்லையே. எல்லோரும் தலையைக் குனிந்து, குடையை மடக்கி, மிகவும் மரியாதையாக நின்றார்கள். குனிந்த தலைகளுக்குள் யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. துரை வெறுந்தலையோடு மழையில் நின்றார். மேலே, வளைவில், மாமாவின் குடை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது.

நான் லயத்துக்கு அழுதுகொண்டே ஓடினேன். மாமா போனதற்காக அழவில்லை. பாவம், மாமாவுக்குக் காது கேட்காமல் போய்விட்டதே என்று அழுதேன். அவ்வளவு பெரிய ஹார்ன் சத்தம் கேட்கவில்லை என்றால் வேறு என்ன? அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னேன். அம்மா தங்கச்சியை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

தங்கச்சி தவழத் தொடங்கின பிறகு ஒருநாள் கினிகத்தேனைக்குப் போனோம். அங்கே ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் மாமா லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். கடை வாசலில் அவரைப் பார்த்ததும் நான் ஓடிப்போய், அவர் தோளைப் பிடித்து எம்பி, காதுக்குள் வாயை வைத்து, கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "மாமா, நல்லா இருக்கீங்களா?" என்று கத்தினேன்.

நானா திடுக்கிட்டுத் திரும்பினார். அப்பா வேறு பக்கம் பார்த்தார். மாமா ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளங்கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"என்ன புள்ள? கொஞ்சம் சத்தமாச் சொல்லு."